ஒற்றைவாடை ஊர்

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் வளாகத்துக்குள் ஒரு கல்தூண் இருக்கிறது. தெருவில் போகிறவர் கண்ணில் எளிதில் படாது. நான் முதன்முதலில் அதைத் தேடிப் போனபோது, பக்கத்தில் பல வருடமாகக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். "தூணா? இங்கயா?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அவர்மேல் பிழையில்லை. அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லி, இதற்காகத்தான் இது நிற்கிறது என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை.

அந்தத் தூணில் உள்ள தேதி 1773 ஜனவரி 1. ஒரே மாதிரி ஆறு தூண்களைக் கிழக்கு மேற்காக நட்டார்கள். அதற்குத் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டையை நோக்கி, இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவு. ஐந்து தூண்கள் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்று.

தூணுக்கு முன்னால் இன்றைக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பழைய பெயர் சைனா பஜார். எங்கள் வீட்டில் கடைசிவரை "சைனா பஜாரு"தான். அந்தச் சாலையில் இந்த முனையிலிருந்து பூக்கடை வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். வடக்குப் பக்கம் இடைவெளியே இல்லாமல் கடைகள். பழக்கடை, பாத்திரக்கடை, பித்தளைச் சாமான், கண்ணாடி, காகிதம் என்று தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. தெற்குப் பக்கம் உயர்நீதிமன்றம், சட்டக்கல்லூரி இருந்த கட்டடம், பேருந்து நிலையம் இருந்த திடல் என்று எல்லாமே அரசாங்கத்தின் அகலமான நிலம். குடும்பம் குடியிருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. நான் ஐம்பது வருடம் இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். ஏன் ஒரு பக்கம் மட்டும் கடை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 1773-இல் போட்ட எல்லைக்கோட்டை இந்தச் சாலை இன்றும் தாண்டவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெருவின் ஒவ்வொரு பக்கத்து வீட்டு வரிசைக்கும் வாடை என்று பெயர். தெற்கு வாடை, வடக்கு வாடை என்பார்கள். எதிர்ப்பக்கம் வயலோ குளமோ கோயில் மதிலோ இருந்து, வீடுகள் ஒரே பக்கம் இருந்தால் அது ஒற்றைவாடைத் தெரு. பேச்சில் ஒத்தவாடை. ஜார்ஜ் டவுனைச் சுற்றி நடந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்த சாவி இந்தச் சொல்தான். அந்தப் பேட்டையைச் சுற்றியிருக்கும் பெரிய சாலைகள் பெரும்பாலும் ஒற்றைவாடைச் சாலைகள். வீடில்லாத மறுபக்கம் எதுவோ, அதுதான் பழைய சென்னையின் எல்லை.

தெற்கு எல்லையின் கதை சோகமானது. 1640-இல் கோட்டை எழும்பியதும் அதன் வடக்கு மதிலை ஒட்டியே நெசவாளிகளும் சாயக்காரர்களும் வணிகர்களும் குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் அந்த ஊரே இருந்தது. தெருக்கள், சந்தை, எல்லாவற்றுக்கும் நடுவே பட்டணத்துக்கு உரிய பெரிய கோயில். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று வருடம் கழித்து ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பி வந்தது. கோட்டைக்கு இவ்வளவு நெருக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி அவற்றில் மறைந்து நின்று சுடுவான் என்பதை அந்தத் தோல்வி இரண்டு தரப்புக்கும் கற்றுக்கொடுத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள். மீதியைத் திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 1757-இல் பட்டணம் கோயிலும் போயிற்று.

குடியிருப்போடு சேர்த்துத் தெய்வத்தையும் பெயர்க்கச் சொன்னார்கள். ஜனங்கள் எவ்வளவு பதறியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. கம்பெனி மாற்று நிலம் கொடுத்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, மற்றவர்களும் பொருள் கொடுத்து, 1760-களில் பூக்கடைப் பக்கம் இரண்டு கோயில்களாக எழுப்பினார்கள். சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர். இன்று தேவராஜ முதலி தெருவில் பாசிமணிக் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவே அந்தக் கோபுரங்களைப் பார்க்கலாம். இரண்டு பெயரிலும் சென்னை இருக்கிறது. உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கும்மட்டங்களை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம், கீழே ஒரு கோயிலின் அடிக்கல் இருந்த மண் இது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இடித்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் உடனே மெய்யாயிற்று. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது. மிச்சமிருந்த வீடுகளிலும், ஆங்கிலேயர்களின் பழைய கல்லறைத் தோட்டத்திலும் மறைந்துகொண்டு அடுத்த பிப்ரவரி வரை கோட்டையைச் சுட்டது. கல்லறைகள் அவ்வளவு பெரிதாகக் கட்டப்பட்டிருந்தன. முற்றுகை நீங்கியதும் அந்தக் கல்லறைகளையும் தரைமட்டமாக்கினார்கள். பெயர் பொறித்த பலகைக் கற்கள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பாவப்பட்டன. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பெயர்கள்மேல்தான் நடக்கிறார்கள். தப்பியது மிகச் சில. பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் கூம்புபோல உயர்ந்து நிற்கும் கல்லறைச் சின்னம் அவற்றில் ஒன்று. அதில் இருப்பவர்கள் ஜோசப் ஹின்மரும் டேவிட் யேல் என்ற சிறுபிள்ளையும். ஹின்மர் 1680-இல் இறந்தார். அவர் மனைவியை எலிஹு யேல் மணந்துகொண்டார். சென்னையின் ஆளுநராக இருந்த, அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயர் போய்ச் சேர்ந்த அதே யேல். அந்தப் பிள்ளை அவருடையது. முன்பு அது கல்லறைகள் நிறைந்த தோட்டம். இப்போது அந்தக் கூம்பு தனியே நிற்கிறது.

வெற்றிடமாக்கிய அந்த நிலம் நூறு வருடத்துக்கும் மேலாக வெற்றிடமாகவே கிடந்தது. எஸ்பிளனேடு என்று பெயர். 1844-இல் அதில் ஒரு உயரமான கல்தூண் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. 1892-இல் உயர்நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டு, இரண்டு வருடத்தில் விளக்கு அதன் உச்சிக் கும்மட்டத்துக்கு ஏறிக்கொண்டது. பழைய தூண் விளக்கு இழந்து வளாகத்துக்குள் இன்னமும் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்ட இடத்துக்குச் சாட்சியாகச் சுற்றுச்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வழக்குக்காக வருகிற எத்தனையோ பேர் அந்தச் சுவரின் நிழலில் நின்று இளநீர் குடிக்கிறார்கள்.

சாலையின் வடபக்கக் கடைகளுக்கு நடுவே கிரேக்கக் கோயில்போலத் தூண் வைத்த ஒரு கட்டடம், விளம்பரப் பலகைகளுக்கும் கூடாரத் துணிகளுக்கும் பின்னால் மறைந்திருக்கிறது. 1850-இல் கட்டிமுடித்த பச்சையப்பன் மண்டபம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இளம் வக்கீல் காந்தி 1896 அக்டோபரில் அங்கே பேசினார். மண்டபம் கட்டிய புதிதில் அதன் படிக்கட்டில் நின்றால் எதிரே திடலும் கோட்டையும் தடையின்றித் தெரிந்திருக்கும். இன்று எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடிக்கவே கழுத்தை நீட்ட வேண்டும்.

இனி மேற்கு எல்லை.

1767-இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறத்தே இருந்த தோட்ட வீடுகளைச் சூறையாடிவிட்டுப் போனது. இரண்டே வருடத்தில் ஹைதர் அலியே பட்டணத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். கம்பெனி அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு மூச்சு விட்டது. கோட்டைக்கு மதில் இருந்தது. இன்றைய ஜார்ஜ் டவுனின் பகுதிகளான, பொருள் சேர்த்த முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் இல்லை. அந்த இரண்டு பேட்டைகளையும் வளைத்து வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பும் வேலையைப் பால் பென்ஃபீல்டு என்பவர் குத்தகைக்கு எடுத்தார். பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்த அதே பென்ஃபீல்டு. 1770-களின் தொடக்கத்தில் மதில் எழுந்து நின்றது. கடற்கரையில் தொடங்கி மேற்கே ஓடி, பிறகு தெற்கே திரும்பி, பொது மருத்துவமனைப் பக்கம் முடியும்.

உங்களைக் காப்பாற்றக் கட்டிய மதில், ஆகவே செலவில் பங்கு கொடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டது கம்பெனி. மதில் வரி. ஆங்கிலத்தில் வால் டாக்ஸ். அப்படி வரி போடச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வி கிளம்பி, திட்டம் கைவிடப்பட்டது. வரி வசூலாகவில்லை. மதிலும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இடிபட்டுப் போனது. ஆனால் அதன் அடியோரம் ஓடிய சாலை வால்டாக்ஸ் ரோடு ஆகி, இன்றைக்கும் வால்டாக்ஸ் ரோடாகவே இருக்கிறது. பலகையில் வ.உ.சி. சாலை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரின் பெயருக்கு இதைவிட நல்ல இடம் அமைந்திருக்கலாம். ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்றால் அவர் துறைமுகத்தைத்தான் நினைப்பார்.

வால்டாக்ஸ் ரோட்டில் ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. பெயர் ஒற்றைவாடை தியேட்டர். தமிழ் நாடகக் கம்பெனிகள் ஓங்கியிருந்த காலத்தில் மதுரையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் கிளம்புகிறவர்கள் இந்த மேடையில் நடித்தால்தான் பட்டணத்தில் பெயர் எடுத்ததாகக் கணக்கு. பழைய நடிகர்களின் நினைவுக்குறிப்புகளில் இந்தக் கொட்டகை வராமல் இருக்காது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுகாலம் குழப்பம். ஒருநாள் சென்ட்ரலிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக வடக்கே நடந்தேன். வலது கைப்பக்கம் விடுதிகள், பார்சல் அலுவலகங்கள், சாப்பாட்டுக் கடைகள், சந்து சந்தாக உள்ளே போகும் சவுகார்பேட்டை. இடது கைப்பக்கம் ரயில்வேயின் நீளமான சுவர். அந்தச் சுவர் இருக்கும் பக்கம்தான் முன்பு மதில். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் மதில். ஒற்றைவாடை! பெயர்க்காரணம் இதுவென்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் அந்தச் சுவரோரம் நடக்கும்போது வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மதிலுக்கு வாசல்கள் இருந்தன. கோட்டை வாசலுக்குப் பழைய சென்னைத் தமிழில் கவுனி என்று பெயர். எல்லா வாசலும் மறைந்து, ஒன்று மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. யானைக்கவுனி. அங்கே யானையும் இல்லை, கவுனியும் இல்லை. தண்டவாளங்களுக்கு மேலே பாலம் இருந்தது. பழுதான பழைய பாலத்தை இடித்து, ஊர் பல வருடம் சுற்றி அலைந்து, சமீபத்தில்தான் புதுப்பாலம் வந்தது. பாலம் இல்லாத அந்தக் காலத்தில், சூளைக்கும் சவுகார்பேட்டைக்கும் நடுவே வாசல் அடைத்ததுபோல இருந்தது என்று அங்கே சரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். அங்கே முன்பு மெய்யாகவே ஒரு வாசல் இருந்தது என்று நான் சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதான் கவுனியா?" என்றார். நாற்பது வருடம் அந்தச் சொல்லை முகவரியாக எழுதியவர்.

மதிலுக்கு வெளியே மேற்கிலும் ஒரு திறந்தவெளி விட்டிருந்தார்கள். எதிரி வந்தால் மறைவின்றித் தெரிய வேண்டுமே. சண்டை பயம் போன பிறகு அந்த வெளி என்னவாயிற்று என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1859-இல் ஆளுநர் டிரவெலியன் அங்கே 116 ஏக்கரில் பொதுமக்களுக்காகப் பூங்கா போடத் தொடங்கினார். பீப்பிள்ஸ் பார்க். குளங்கள், நடைபாதைகள், வாத்தியம் வாசிக்க மேடை, மிருகக்காட்சிசாலை. அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மிருகக்காட்சிசாலையை உயிர்க்காலேஜ் என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்தகாலேஜ் என்றும் சொன்னார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் இரண்டு காலேஜையும் காட்டிவிட்டுத்தான் ரயில் ஏற்றுவது வழக்கம்.

பிறகு பூங்காவைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். விக்டோரியா பொது மண்டபம். 1900-இல் மூர் மார்க்கெட். 1913-இல் ரிப்பன் மாளிகை. அப்புறம் விளையாட்டு அரங்கம். 1985-ஆம் ஆண்டு இரண்டு சாவு ஒன்றாக நேர்ந்ததுபோல இருந்தது. மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் மிருகக்காட்சிசாலை வண்டலூருக்குப் போய்விட்டது. மூர் மார்க்கெட் எரிந்த மறுவாரம் நான் போய்ப் பார்த்தேன். கருகிய பழைய புத்தகங்களின் வாடை இன்னமும் நினைவில் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்குப் பாதிப் படிப்பு அந்த நடைபாதைகளில்தான். இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பூமிக்கடியில் மெட்ரோ நிலையம். பூங்கா எங்கே என்று கேட்டால், பார்க் ஸ்டேஷன் என்ற பெயரிலும் பார்க் டவுன் என்ற பெயரிலும் இருக்கிறது. 116 ஏக்கரிலிருந்து மைலேடீஸ் பூங்கா என்ற சிறு பச்சை மட்டும் மிச்சம்.

பக்கத்தில் ரயில்வேயின் சரக்கு முனையம் சால்ட் கோட்டார்ஸ். கோட்டார்ஸ் என்பது குவார்ட்டர்ஸ் இல்லை. கொட்டாரம். உப்புக் கொட்டாரம் ஆங்கில நாக்கில் திரிந்து, நம்மிடமே திரும்பி வந்து, நமக்கே புரியாத பெயராகிவிட்டது.

என் ஆயா ஏழுகிணற்றுக்காரி. அம்மாவைப் பெற்றவள். பள்ளி விடுமுறைக்குப் போனால் அவள் சொல்லும் வழி ஒன்றுதான்: "கஞ்சித்தொட்டியாண்ட எறங்கி, ஜெயிலு ரோட்டப் புடிச்சு நேரா வா." கஞ்சித்தொட்டி என்று எந்தப் பேருந்துப் பலகையிலும் எழுதியிருக்காது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றுதான் இருக்கும். நடத்துநருக்கும் தெரியும், ஏறியவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன் என்று தெரியாது. ஆயாவிடம் கேட்டால், "அந்தக் காலத்துல கஞ்சி ஊத்துனாங்களாம்" என்பாள். அதோடு முடித்துவிடுவாள்.

ஊற்றினார்கள்தான். 1780-இல் ஹைதர் அலியின் படை மறுபடி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. வழியெல்லாம் ஊர்கள் எரிந்தன. பிழைத்தவர்கள் சென்னையை நோக்கி ஓடிவந்தார்கள். பின்னாலேயே பஞ்சம். 1782-இல் வடக்கு மதிலுக்கு வெளியே, ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் எழுந்தது. ஊர் மணியக்காரர் பெயரால் அது மணியக்காரர் சத்திரம். நோயாளிகளைக் கவனிப்பதும் அங்கேயே தொடங்கியது. அந்த வேர்தான் வளர்ந்து வளர்ந்து 1930-களில் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் தாங்கிய மருத்துவமனையாகவும் மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது. வடசென்னை ஜனங்கள் ஆளுநரை எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியை மறக்கவில்லை. பஞ்சத்தில் மதிலோரம் வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வாயில் என்று அந்தச் சொல் இருநூறு வருடத்துக்கும் மேலே வந்திருக்கிறது. இந்த நகரத்தின் மிகப் பழைய நினைவுச்சின்னம் எது என்று என்னைக் கேட்டால் கல்லில் ஒன்றையும் சொல்ல மாட்டேன். கஞ்சித்தொட்டி என்ற சொல்லைச் சொல்வேன்.

ஏழுகிணறும் அந்த மதிலோடு சேர்ந்த பெயர்தான். கோட்டைக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. முற்றுகை வந்தால் தாகத்திலேயே சரணடைய வேண்டும். மதில் எழுந்த அதே காலத்தில், 1772-இல், மதிலுக்கு உள்ளே வடக்கு மூலையில் கேப்டன் பேக்கர் என்பவர் கிணறுகள் வெட்டி, அங்கிருந்து கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோனார். சென்னையின் முதல் குடிநீர்த் திட்டம் அது. வெட்டியது பத்து, நல்ல தண்ணீர் கொடுத்தது ஏழு என்பார்கள். ஆயா வீட்டுக் கிணறும் அப்படித்தான் இருந்தது. கடல் கூப்பிடு தூரத்தில், தண்ணீரோ கற்கண்டு. அந்தத் தெருக்களில் ஒன்றான வீராசாமிப் பிள்ளைத் தெருவில்தான் ராமலிங்க அடிகள் வளர்ந்தார். அங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்துபோய்ப் பாடினார். முப்பது வயதைத் தாண்டும் வரை அவர் பட்டணவாசி. வடலூர் பிறகு. தங்கசாலை பேருந்து நிலையத்துக்கு வள்ளலார் நகர் என்று பெயர் வைத்தவர்கள் நியாயமாகத்தான் வைத்தார்கள். ஆனாலும் நடத்துநர் "மின்ட்டு, மின்ட்டு" என்றுதான் கூவுகிறார். காசு அடித்த தங்கசாலை மூடிப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன.

ஆயா காலத்துக் கிணறுகளில் இப்போது பாதிக்குமேல் மூடிவிட்டார்கள். மேலே மோட்டார் பொருத்தி, சலவைக்கல் பதித்து, வண்டி நிறுத்துகிறார்கள். காய்கறிக்கு நாங்கள் போன கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. சாவடி காலியானதும் மூட்டை தூக்கியவர்களில் பலர் விடிகாலையில் கோயம்பேட்டுக்குப் பேருந்து ஏறினார்கள். முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே ஓடிய பள்ளத்தைத் தூர்த்து ஸ்டீபன் போப்பம் என்ற வக்கீல் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட தெரு பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை. பெரிய மழை பெய்தால் பள்ளம் தன் பழைய இடத்தை நினைத்துக்கொள்கிறது, முழங்கால் தண்ணீரில் நடக்கிறோம்.

கிழக்கு எல்லைக்கு மதில் தேவைப்படவில்லை. கடல் இருந்தது. பாரிமுனையிலிருந்து வடக்கே போகும் ராஜாஜி சாலைக்கு ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர். கடற்கரையின் முதல் வரிசை. தபால் தலைமையகமும் வங்கியும் கம்பெனிகளும் மேற்குப் பக்கம் வரிசையாக நிற்க, கிழக்கே நேராக அலை. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் ஆட்களையும் சரக்கையும் அலைமேல் ஏற்றி இறக்கின. இரும்பாணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அவற்றை ஓட்டியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் உருவாகக் கடல் பின்வாங்கியது. இன்று அந்தச் சாலையில் அலைச் சத்தம் கேட்பதில்லை. கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் கட்டடங்கள் இன்னமும் மேற்கு வாடையில்தான். கிழக்கே ரயில் பாதை, துறைமுகச் சுவர். மூன்றாவது ஒற்றைவாடை. பின்னால் இருக்கும் தெருவை இன்றும் செகண்ட் லைன் பீச் என்கிறார்கள். கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இரண்டாவது கடற்கரை வரிசை.

மதில் கடலில் வந்து முட்டிய இடத்துக்குக் கிளைவ் பேட்டரி என்று பெயர். பீரங்கி மேடை இருந்த இடம். இப்போது அது ஒரு பேருந்து நிறுத்தம். அங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனால் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையம். மதிலுக்குள் ரயிலுக்கு இடம் இல்லை, வெளியே கிடைத்தது. அந்த ரயில்தான் பின்னால் மதில் காத்த நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது.

இத்தனை நீளம் ஓடிய மதிலில் மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. பழைய ஜெயில் ரோட்டின் கடற்கரை முனைப் பக்கம். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த சிறை இருந்த இடத்தில் 1964 முதல் பாரதி மகளிர் கல்லூரி நடக்கிறது. மதில் துண்டின் மேலே மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்தது. தரையிலிருந்து ஏறிப் போக வேண்டிய பூங்கா என்பதால் ஜனங்கள் மாடிப் பூங்கா என்றார்கள்.

ஆயா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். சாயந்திரம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, "மேல ஏறி வெளயாடுங்க, ஓரத்துக்குப் போவாதீங்க" என்பாள். அது மதில் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது மாடி. எங்களுக்கும்தான். ஒரு வீட்டின் கூரையைவிட அகலமான சுவர் இருக்க முடியும் என்று பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றும்?

போன மாதம் மறுபடி போனேன். செங்கல்லும் சுண்ணாம்பும் சில இடங்களில் தெரிகின்றன. சில இடங்களில் ஆலங்கன்று வேர் விட்டுப் பிளந்திருக்கிறது. அடிவாரத்தில் உடைந்த மீன்பாடி வண்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆலங்கன்றைப் பிடுங்க ஒரு ஆள் போதும். இது என்ன என்று நாலு வரி தமிழில் எழுதிவைக்க ஒரு பலகை போதும். தெருவுக்கு இத்தனை பெயர்ப்பலகை வைக்கும் ஊரில் இது எட்டாத காரியம் இல்லை. அந்த மதிலைப் பார்த்து ஒரு படையும் வந்து மோதவில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு ஊர் உயிர் பிழைத்தது, கஞ்சி குடித்தது, தண்ணீர் இறைத்தது, நாடகம் பார்த்தது.

மேலே நின்று வடக்கே பார்த்தேன். காவல்காரன் குதிரைப்புழுதிக்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்த திசை. கீழே தெருவில் ஒரு பாட்டி பேரனைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நடத்துநர் எங்கே போக வேண்டும் என்று கேட்டிருப்பார் போலிருக்கிறது.

"கஞ்சித்தொட்டி ஒண்ணரை குடுப்பா" என்றாள்.